ஐந்தாவது கட்டம்

வியாசர்பாடியில் சைக்கிள் கடைக்கு மேலே எங்கள் சங்கம்.
ஞாயிறு வகுப்பின் தலைப்பு: தேசிய இனங்களும் சுயநிர்ணய உரிமையும்.
கேரேஜ் ஒர்க்ஸ் ஓவர்டைம் முடித்து நேரே வந்த தேவசகாயம் தோழர்
ஓரம் கரையான் தின்ற சோவியத் வரைபடத்தை
ஸ்பேனரால் தொட்டுக் காட்டினார்.

"ஜார் காலத்தில் அது தேசங்களின் சிறைச்சாலை.
புரட்சி வந்தது.
இதோ கதவு, பிரிந்து போகலாம் என்று
எழுதியே கொடுத்தது."

"போனாங்களா?"
கோட்டம்மாவுக்குக் காத்திருக்கத் தெரியாது.
விடியுமுன் புளியந்தோப்புத் தெருவைப் பெருக்கி முடிப்பவள்.

"பின்லாந்து போச்சு."
"அப்புறம்?"
"ஜார்ஜியாவும் போச்சு.
மூணு வருஷத்தில் செஞ்சேனை போய்க் கூட்டி வந்தது."

கூட்டி வந்தது என்ற சொல்லை
அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

ஆனாலும் அந்த இருபதுகளைச் சொல்லும்போது
அவர் குரல் இளமையாகிவிடும்.
எழுத்தே இல்லாத மொழிகளுக்கு எழுத்து.
மான் மேய்க்கிறவன் பிள்ளைக்கு அரிச்சுவடி.
மலைக் கிராமத்துக் கோர்ட்டில்
சாட்சி தன் பேச்சில் பேசலாம்,
ஆபீசர்தான் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.
"நம்ம ஹைகோர்ட்டில் நடக்குமா, சொல்லு?"

பிறகு எழுத்தை மாற்றினார்கள்.
அரபி எழுத்து போய் லத்தீன்,
பத்து வருஷத்தில் லத்தீன் போய் ரஷ்ய எழுத்து.
ஒரே வீடு, ஒரே பேச்சு,
அண்ணன் எழுதி வைத்ததைத் தம்பியால் படிக்க முடியவில்லை.
பாஸ்போர்ட்டில் இனத்துக்கென்று ஒரு வரி வந்தது.
அந்த வரியைப் பார்த்தே
முப்பத்தேழில், தூரக் கிழக்கின் கொரியர்களை
ரயிலேற்றி கஜகஸ்தான் வெட்டவெளியில் இறக்கினார்கள்.

ரயில் என்றதும் ஸ்பேனர் இறங்கிவிட்டது.

கடைசி பெஞ்சில் மாயகிருஷ்ணன்.
பதினோரு வயதில் ரங்கூனில் கப்பலேறியவர்,
பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ வண்டி போட்டிருக்கிறார்.
வகுப்பில் அதுவரை வாய் திறந்ததில்லை.
"ஆளுக்கு எத்தனை கிலோ
எடுத்துப் போக விட்டாங்க, தோழர்?"

புத்தகத்தில் அது இல்லை என்றார் தேவசகாயம்.
சரி, என்றார் இவர்.

அந்த வாரம் எண்ணூர் நிலக்கரி யார்டில்
கன்வேயர் ஒருவன் கையை இழுத்துக்கொண்டது.
கான்ட்ராக்ட் ஆட்கள் எல்லாரும் ஒடிசா.
நோட்டீஸ் போட வேண்டும்.
"இந்தியில் அடி, எல்லாத்துக்கும் புரியும்" என்றார்கள்.
"எந்தக் கை எழுதும் இந்தி?
அறுபத்தஞ்சில் எங்கப்பா ஜெயிலுக்குப் போன கையா?"
அரைமணி நேரம் கத்தினேன்.
டீ ஆறிப் போனது.

"எங்களுக்கும் இந்தி வராது தீதி,"
சுதாம் பெஹெரா மெல்லச் சொன்னான்,
"பாதிப் பேருக்கு ஒடியாவும் படிக்க வராது."

அவன் சொல்லச் சொல்ல
ஒடியாவைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன்.
கேட்டில் மைக்கைப் பிடித்துப் படித்தேன்.
என் ஒற்றைக் க
அவன் ஊரில் நாலு எழுத்தாம்.
நான் எதைச் சொன்னேனோ,
ஹெல்மெட்டுகளுக்குக் கீழே முதலில் சிரிப்பு.
பிறகு ஒருவன் திருத்தினான்,
பிறகு பத்துப் பேர்.
கடைசி வரியை அவர்களே சொன்னார்கள்,
நான் சும்மா மைக்கைத் திருப்பிப் பிடித்தேன்.

மறுநாள் புது உறுப்பினர் படிவம்.
ஐந்தாவது கட்டம்: தாய்மொழி.
ஒரே ஒரு சொல்லுக்குத்தான் இடம்.

கோட்டம்மா சொல்லிக்கொண்டே போனாள்:
"சண்டைக்குத் தமிழு, தூக்கத்துக்குத் தெலுங்கு,
இன்னாத்த எழுதுவே?"
இரண்டையும் நுணுக்கி எழுதினேன்,
கோட்டைத் தாண்டி முகவரிக்குள் போய் முட்டியது.

சுதாம் ஒடியா என்று தமிழில் எழுதக் கேட்டான்.

மாயகிருஷ்ணன் பேனாவை அவரே வாங்கிக்கொண்டார்.
கட்டத்துக்குள் வட்டம் வட்டமாக ஏதோ வரைந்தார்.
மறந்துபோன ஓரிடத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.

அதைப் படிக்க ஆபீசில் ஆளில்லை.
ரப்பர் ஸ்டாம்ப் குத்தி
ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.